குதிரைக்கும் ஃபுளூ வருமா? தடுப்பூசி போட்டால் மட்டும் போதுமா?

உங்களுக்கு ஃபுளூ வந்தால் என்ன செய்வீர்கள்? கிளினிக்கில் எம்.சி. வாங்கிட்டு ரெண்டு மூணு நாள் படுத்திருப்பீர்கள். குதிரைக்கு ஃபுளூ வந்தால் குறைந்தது மூன்று வாரமாவது ஓடவிடக் கூடாது என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள்.

ஆமாம், குதிரைக்கும் ஃபுளூ வரும். நம் நாட்டுக்கே வந்திருக்கு. 2015-இல் தீபகற்ப மலேசியாவில் குதிரைகளிடையே இந்த நோய் பரவியது.

மலாக்காவில் பந்தயத் திடல் இல்லையே, இது நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். இந்த நோயை அடக்கும் வழிமுறை உங்கள் மாமா வீட்டு மாட்டுக்கும் உதவும். எப்படி என்று பார்ப்போம்.

இது என்ன நோய்?

குதிரை ஃபுளூவை இன்றைக்குப் பரப்புவது எச்3என்8 என்ற வகை வைரஸ். இது முதன்முதலில் 1963-இல் அமெரிக்காவின் மயாமியில் அடையாளம் காணப்பட்டது.

வைரஸ் உடம்புக்குள் போன ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் அடிக்கும். குதிரையின் வழக்கமான உடல் வெப்பம் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஃபுளூ வந்தால் 41 வரை கூடப் போகும். பிறகு வறட்டு இருமல், மூக்கில் சளி, தீனியில் வெறுப்பு எல்லாம் வரும்.

பெரும்பாலான குதிரைகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் குட்டிகளுக்கும் கழுதைகளுக்கும் இது கடுமையாகத் தாக்கலாம். காய்ச்சல் விட்டதும் அவசரப்பட்டு ஓடவிட்டால் நுரையீரல் பாதிக்கப்படும். அதனால்தான் காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்று கணக்கு வைக்கிறார்கள்.

மனிதருக்குத் தொற்றுமா?

கவலை வேண்டாம். குதிரை ஃபுளூ மனிதரிடையே நோயாகப் பரவுவது இல்லை. மாடு, ஆட்டுக்கும் இது வருகிற நோய் இல்லை. ஆனால் 2004-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பந்தய நாய்களுக்கு இதே வைரஸ் தாவியது. வைரஸ் எப்போது எங்கே தாவும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. கண்காணிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

தடுப்பூசி இருக்கே, பிறகு ஏன் பரவுது?

நல்ல கேள்வி. பதில் 2015 மலேசிய சம்பவத்திலேயே இருக்கு.

அப்போது பரவிய வைரஸை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து மரபணுவைப் படித்தார்கள். அது ‘ஃபுளோரிடா கிளேட் 1’ என்ற பிரிவைச் சேர்ந்தது. ஆனால் தடுப்பூசிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ரகங்களோடு ஒப்பிட்டால், அதன் மேற்பரப்புப் புரதத்தில் பல மாற்றங்கள் இருந்தன. நம் உடம்பு கிருமியை அடையாளம் காண்பது அந்தப் புரதத்தை வைத்துத்தான். குதிரைக்கும் அதே கதைதான். பூட்டு மாறிட்டால் பழைய சாவி சரியாகத் திறக்காது, இல்லையா? தடுப்பூசியின் பலனும் அப்படிக் குறையலாம்.

தடுப்பூசி வீண் என்று அர்த்தம் இல்லை. போட்ட குதிரைக்கு நோய் லேசாக வரும், வைரஸை வெளியே விடுவதும் குறையும். ஆனால் அதிலேயே ஓர் ஆபத்து இருக்கு. பார்க்க நன்றாக இருக்கும் குதிரை, சத்தமில்லாமல் நோயைப் பரப்பலாம். 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் தடுப்பூசி போட்ட பந்தயக் குதிரைகளுக்கே ஃபுளூ வந்தது. அங்கே ஆறு நாள் பந்தயங்களை நிறுத்தினார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் கண்காணிப்பாளர் விஞ்ஞானி இல்லை, லாயத்தில் வேலை செய்பவர். பந்தய லாயங்களில் அவரை ‘சைஸ்’ என்பார்கள். காலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவர் அவர்தான். இருமல் தொடங்கும் முன்பே காய்ச்சலைப் பிடித்துவிட்டால், பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, மூக்கினுள் நீண்ட பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவார்கள். கோவிட் காலத்தில் உங்களுக்கு எடுத்தார்களே, அதே மாதிரிதான். முதல் சில நாளில் எடுத்தால்தான் வைரஸ் சரியாகச் சிக்கும். கிடைத்த வைரஸின் மரபணு விவரத்தை நாடுகள் பகிர்ந்துகொள்ளும். அடுத்த தடுப்பூசியில் எந்த ரகத்தைச் சேர்ப்பது என்று உலக விலங்கு நல அமைப்பின் நிபுணர் குழு அதை வைத்துத்தான் பரிந்துரைக்கிறது.

எப்படி அடக்குகிறார்கள்?

பி.கே.பி. ஞாபகம் இருக்கா? குதிரைக்கும் அதேதான். நோய் வந்த லாயத்திலிருந்து குதிரை வெளியே போகக் கூடாது, உள்ளேயும் வரக் கூடாது.

இருமும் குதிரையிடமிருந்து வைரஸ் காற்றிலேயே 30 மீட்டருக்கு மேல் போகும். குதிரை மட்டும் இல்லை, ஆளும் அதைத் தூக்கிட்டுப் போவார். கை, சட்டை, வாளி, கடிவாளம், லாரி எல்லாமே வண்டிதான்.

ஆஸ்திரேலியா இதை அனுபவத்தில் கற்றது. 2007 ஆகஸ்டில் சிட்னி அருகே உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்திலிருந்து வைரஸ் வெளியே கசிந்தது. உள்ளே போய் வந்த ஆட்கள் அல்லது கருவிகள் மூலம் அது வெளியேறியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதற்கு முன் அங்கே இந்த நோயே இல்லை. நடமாட்டத் தடை, தடுப்பூசி, சோதனை என்று மூன்றையும் சேர்த்துப் பிடித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் ஒழித்தார்கள். உலகில் பல இடங்களில் இது நடக்காத காரியம்.

இந்தியாவில் 2008-இல் ஜம்மு அருகே கத்ராவில் தொடங்கிய ஃபுளூ பல மாநிலங்களுக்குப் பரவியது. வைஷ்ணோ தேவி கோயிலுக்குப் பக்தர்களைச் சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் உள்ள ஊர் அது. பிராணி படுத்தால் அதை நம்பியிருக்கும் வீட்டில் அன்றைய கூலி இல்லை. இது பணக்காரர் விளையாட்டு சம்பந்தப்பட்ட நோய் மட்டும் இல்லை.

மலாக்காவில் நாம் என்ன செய்யலாம்?

2021 டிசம்பரில் மஸ்ஜித் தானா பக்கம் பாயா மெங்குவாங்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. அந்த நோயில் பன்றிகளை அழிக்க வேண்டியிருக்கும். குதிரை ஃபுளூவில் அப்படி இல்லை, தனிமையும் ஓய்வும் போதும். ஆனால் இரண்டிலும் தாமதம்தான் எதிரி. “சொன்னால் பிரச்சினை வரும்” என்று மறைத்தால், பக்கத்துப் பண்ணைக்கும் போய்விடும்.

தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்களுக்குக் கோமாரி தெரியும். அதுவும் செருப்பிலும் லாரி டயரிலும் ஒட்டிப் பயணம் செய்யும். எனவே:

• வேறு பண்ணைக்கோ லாயத்துக்கோ போய் வந்தால், கை கழுவி, உடையும் செருப்பும் மாற்றிய பிறகே உங்கள் பிராணியிடம் போங்கள்.
• புதிதாக வாங்கிய பிராணியை இரண்டு வாரமாவது தனியே கட்டுங்கள்.
• இரண்டு மூன்று பிராணிகளுக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல், இருமல், வாயில் புண் இருந்தால், விற்கவோ இடம் மாற்றவோ வேண்டாம்.
• ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்கா என எந்த மாவட்டமாக இருந்தாலும், அன்றே கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.
• குதிரைச் சவாரிக்குப் போகும் இடத்தில் ஒரு குதிரை இருமினால், மற்றொன்றைத் தொடாமல் அங்குள்ளவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ மாடு வைத்திருந்தால், இன்றைக்கே அந்தத் தொலைபேசி எண்ணைத் தேடி அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும் அன்று எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.