சதுரங்கப் பலகையின் முன் திடீரென உடல் சரிந்தால்

கிளாசிக்கல் சதுரங்க ஆட்டம் நான்கு, ஐந்து மணி நேரம் நீள்வது சாதாரணம். ஆட்டக்காரர் நாற்காலியில் அசையாமல் இருந்தாலும் அவர் இதயம் ஓய்வாக இருப்பதில்லை. கடிகாரத்தில் நேரம் குறையக் குறைய நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். இதயநோயோ உயர் இரத்த அழுத்தமோ ஏற்கெனவே உள்ளவருக்கு இது பெரும் சுமை.

டாக்காவில் நடந்தது

2024 ஜூலை 5 அன்று வங்கதேச தேசிய சாம்பியன்ஷிப்பின் 12ஆம் சுற்றில் கிராண்ட்மாஸ்டர் ஜியாவுர் ரஹ்மான் ஆடிக்கொண்டிருந்தார். திடீரென ஒரு பக்கம் சாய்ந்தார். மேசைக்குக் கீழே இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிகிறார் என்றே எதிரே இருந்த எனாமுல் ஹொசைன் முதலில் நினைத்தார். அடுத்த நொடி ரஹ்மான் தரையில் விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை, வயது 50. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் மகனோடு ஒரே அணியில் ஆடியிருந்தார். 2014இல் நார்வேயின் டிரோம்சோ ஒலிம்பியாடிலும், கடைசிச் சுற்றில், சீஷெல்ஸ் அணியின் குர்ட் மையர் இப்படித்தான் பலகையின் முன் சரிந்து இறந்தார்.

டென்ஷன் என்று ஒதுக்கப்படும் அறிகுறிகள்

வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் ஆகியவை இக்கட்டான ஆட்டத்தில் யாருக்கும் வரும். ஆபத்து இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. நெஞ்சில் பாரம் வைத்ததுபோன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பைக் குறிக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வருவதுண்டு. வாய் ஒரு பக்கம் கோணுவதும், காயைப் பிடிக்கும் கை தளர்வதும், பேச்சு குழறுவதும் பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஓர் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாலே அந்த நேரம் கரைந்துவிடும்.

இன்சுலின் போடுபவர் சாப்பிடாமல் ஆட உட்கார்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும். எளிய நகர்த்தலில்கூடத் தடுமாறுவதே சில நேரம் முதல் அறிகுறி. நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

முதல் சில நிமிடங்கள்

விழுந்தவர் அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் 108ஐ அழைத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். நடு மார்பில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மின் அதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி அரங்கில் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துவதை நிறுத்தக்கூடாது.

விதி என்ன சொல்கிறது

நடுவரின் உதவியை நாட ஆட்டக்காரர் கடிகாரத்தை நிறுத்தலாம் என்கிறது ஃபிடே விதி. நேரம் வீணாகுமே என்று வலியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. கையில் காயம்பட்டுக் காய் நகர்த்த முடியாதவர், நடுவர் ஏற்கும் உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு ஆடலாம். கைப்பேசியோடு இணைந்த சர்க்கரை உணரியை அணிபவர்கள் மட்டும் போட்டி தொடங்கும் முன்பே நடுவரிடம் பேசிவிடுவது நல்லது. அரங்கில் கைப்பேசிக்குத் தடை உண்டு.

விலகுவதும் வழிதான். 1962இல் குராசாவோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் சிறுநீரக நோயால் மருத்துவமனையில் சேர்ந்து, கடைசிக் கட்ட ஆட்டங்களை ஆடாமல் விலகினார். அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் சதுரங்கம் ஆடினார்.