உங்களுக்குத் தெரியுமா? காசு போட்டால் ஓடிய ஆட்டங்கள்

1972-ல் வந்த 'பாங்' விளையாட்டுக்குள் ஒரு வரி புரோகிராம்கூடக் கிடையாது. பிராசஸரும் இல்லை. பந்து, மட்டை, ஸ்கோர் எல்லாமே சாதாரணச் சில்லுகளை ஒன்றோடொன்று இணைத்து வரவழைத்தவை. அடாரி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குக் கை பழகட்டும் என்று முதலாளி நோலன் புஷ்னெல் கொடுத்த பயிற்சி வேலை அது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆர்டர் கொடுத்திருப்பதாக ஒரு பொய்யையும் சொல்லிவைத்தார். கலிபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் முதல் இயந்திரத்தை வைத்தார்கள். கொஞ்ச நாளில் இயந்திரம் ஓடவில்லை என்று புகார் வந்தது. அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். கோளாறு ஒன்றுமில்லை, காசுப் பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

★

புரோகிராம் இல்லாததால் இன்று ஒரு வேடிக்கை. மற்ற பல பழைய ஆட்டங்களின் புரோகிராமைச் சில்லிலிருந்து உருவி எடுத்து, கம்ப்யூட்டரில் எமுலேட்டர் மூலம் ஓட்டலாம். பாங்கில் உருவ எதுவுமில்லை. அதன் சர்க்யூட்டையே சில்லு சில்லாகக் கணக்கிட்டு நடத்திக் காட்ட வேண்டும். பார்க்க ஒரு பந்து, இரண்டு கோடு. பின்னால் வந்த பல ஆட்டங்களைவிடக் கம்ப்யூட்டரைத் திணறடிப்பது இதுதான்.

★

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆடியவர்களுக்கு அந்தப் படபடப்பு மறக்காது. வேற்றுக் கிரகவாசிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசியில் மிஞ்சும் ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். இதை யாரும் முன்கூட்டியே திட்டமிடவில்லை. 1978-ல் டைட்டோ கம்பெனிக்காக அதை உருவாக்கிய தோமோஹிரோ நிஷிகாதோவிடம் இருந்தது இன்டெல் 8080 பிராசஸர். 55 உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதற்குச் சக்தி போதாது. அதனால் ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கில் ஓர் உருவம் என்று வரிசையாக நகர்த்தியது. மொத்தப் படையும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நாம் சுடச் சுட வரிசை குட்டையாகும், சுற்று சீக்கிரம் வரும். நிஷிகாதோ இதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். வீடியோ கேம் வரலாற்றின் மிகச் சிறந்த முடிவு எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான்.

அதில் தெரிந்த வண்ணங்களும் உண்மையில் வண்ணங்கள் அல்ல. முதலில் வந்த இயந்திரங்களில் இருந்தது கருப்பு வெள்ளைத் திரை. மேலே கலர் செல்லோஃபேன் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள்.

ஜப்பானில் இந்த ஆட்டத்தால் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள்.

★

'பேக்-மேன்' 1980-ல் ஜப்பானில் பிறந்தபோது அதன் பெயர் 'பக் மேன்'. அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது பெயரை மாற்றினார்கள். யாராவது குறும்புக்காரர் முதல் எழுத்தைச் சுரண்டிக் கெட்ட வார்த்தையாக்கிவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

அதில் துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு நேராக நம்மைத் துரத்தும். இளஞ்சிவப்பு, நமக்கு நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்புப் பேய் இருக்கும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வளைக்கும். ஆரஞ்சு, கிட்டே வந்ததும் பயந்து தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஆட்டத்தை வடிவமைத்த தோரு இவதானி இந்த நாலு புத்தியையும் அடைத்தது சில கிலோபைட் நினைவகத்தில்.

★

பேக்-மேனுக்கு முடிவே கிடையாது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது. 256-வது ஸ்டேஜில் கணக்கு புரண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். திரையின் அடியில் ஏழு பழம் வரைந்து நிறுத்த வேண்டிய புரோகிராம், 256 பழம் வரையப் புறப்பட்டு, கண்ட நினைவகத்தையும் அள்ளி வலது பாதி முழுக்கக் கொட்டும். எழுத்தும் எண்ணும் துண்டுச் சித்திரமுமாக ஒரே குப்பை. சாப்பிடப் போதுமான புள்ளிகள் இருக்காது, ஸ்டேஜ் முடியாது.

அங்கே போய்ச் சேரும் வரை ஒரு லைஃபும் இழக்காமல், ஒன்றையும் விடாமல் தின்று வந்தால் கிடைக்கும் உச்ச ஸ்கோர் 33,33,360.

இந்தக் கோளாறையே கருவாக வைத்து 2015-ல் 'பேக்-மேன் 256' என்று ஒரு மொபைல் கேம் வந்தது. அதில் நம்மைத் துரத்துவது பேய்கள் மட்டுமல்ல. கீழிருந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வருவது அந்தக் குப்பையேதான். மறுபிறவி எடுத்த பழைய ஆட்டங்களில் இத்தனை விஷயம் தெரிந்து செய்தது குறைவு. பளபளப்பான முப்பரிமாணப் படம் மட்டும் போட்டு விற்கும் 'ரீமேக்'குகளை நான் இரண்டாம் முறை தொடுவதில்லை.

★

மரியோ 1981-ல் 'டாங்கி காங்' ஆட்டத்தில் அறிமுகமானபோது பிளம்பர் இல்லை, தச்சர். நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் விற்காமல் கிடந்த 'ராடார் ஸ்கோப்' இயந்திரங்களுக்கு ஒரு வழி காட்டத்தான் இந்த ஆட்டமே பிறந்தது. மரியோ என்பது அந்தக் கம்பெனிக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டவரின் பெயர்.

★

முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' 1987-ல் வந்தபோது சில இயந்திரங்களில் பட்டனுக்குப் பதில் ரப்பர் திண்டுகள். எவ்வளவு ஓங்கிக் குத்துகிறோமோ அவ்வளவு பலமான அடி. ஆடியவர்களின் கையும் வலித்தது, இயந்திரமும் உடைந்தது. ஆறு பட்டன் முறைதான் நிலைத்தது.

நான்கு வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தின் உயிர்நாடியான 'காம்போ'வும் தற்செயல்தான். காரை உடைக்கும் போனஸ் ஸ்டேஜைச் சோதிக்கும்போது, ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி விழுவதைக் கவனித்தார்கள். இதை யாராலும் சரியாகச் செய்ய முடியாது என்று நினைத்து விட்டுவைத்தார்கள். உலகமே செய்தது.

★

'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்றால் நம்மூரில் பலர் விழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்றால் உடனே கண் மலரும். மஞ்சள் தொப்பி, பாய்ந்து உதைக்கும் கால்! மார்க் ஷூல்ட்ஸ் வரைந்த 'ஸீனோஸோயிக் டேல்ஸ்' என்ற அமெரிக்க காமிக்ஸை வைத்து 1993-ல் கேப்காம் செய்தது. கதைநாயகன் ஜாக் டென்ரெக். ஆனால் நம் வீடியோ கேம் கடைகளில் ஜாக்கை யார் சீண்டினார்கள்? முஸ்தபாவை யார் எடுப்பது என்றுதான் சண்டை.

இவ்வளவு புகழ் இருந்தும், அந்த ஆர்கேட் ஆட்டம் எந்த வீட்டு கன்சோலுக்கும் அதிகாரபூர்வமாக வந்ததில்லை. கேப்காம் 2018-ல் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து விற்றது. 'ஃபைனல் ஃபைட்', 'கேப்டன் கமாண்டோ' எல்லாம் இருந்தன. முஸ்தபா இல்லை. கதையும் பாத்திரங்களும் வேறொருவர் சொத்தாக இருந்தால், பழைய ஆட்டத்தை மீண்டும் கடைக்குக் கொண்டுவர உரிமையைப் புதிதாக வாங்கியாக வேண்டும்.

★

கேப்காமின் 'சிபிஎஸ்-2' ஆர்கேட் சர்க்யூட் பலகைகளுக்குள் ஒரு பேட்டரி உண்டு. திருட்டு நகல் போடாதிருக்க புரோகிராமைப் பூட்டி, திறவுகோலை அந்த பேட்டரி தாங்கும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும், நல்ல நிலையில் இருக்கும் பலகையும் செத்துவிடும். ரசிகர்கள் வைத்த பெயர் 'தற்கொலை பேட்டரி'. காசு கொடுத்து வாங்கியவனின் சொத்தைக் கெடு வைத்துச் சாகடிப்பது என்ன நியாயம்? பிற்பாடு ரசிகர்களே பூட்டை உடைத்து, செத்த பலகைகளுக்கு உயிர் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

இப்படி அழிவதைத் தடுக்கப் பிறந்ததுதான் 'மேம்' எமுலேட்டர். இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரி 5 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார். இயந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்று பதிவு செய்வதே தங்கள் நோக்கம், ஆட முடிவது உபரி லாபம் என்பது 'மேம்' குழுவின் நிலைப்பாடு.

★

பழைய வீடியோ கேம் துப்பாக்கி எல்இடி டிவியில் சுடாது. பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை எந்த நொடியில் எந்த இடத்தைக் கடக்கிறது என்பதை வைத்துத்தான் பல துப்பாக்கிகள் குறியைக் கண்டன. புதிய திரையில் அந்தக் கற்றையே இல்லை. இப்போது வரும் 'சிண்டன்' துப்பாக்கிக்குள் கேமரா இருக்கிறது. திரையைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் வரைந்து, அதைப் பார்த்துக் குறியைக் கணக்கிடுகிறது.

★

இல்லினாய் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் உள்ள கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேடில் வாசலில் ஒரு தடவை பணம் கட்டினால் போதும், நாள் முழுக்க ஆடலாம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று நிமிடத்தில் நம்மை வீழ்த்தி அடுத்த காசைப் போடவைப்பதற்காகவே அளந்து செய்த ஆட்டங்கள் இவை. காசுக்குப் பயம் இல்லாவிட்டால் சாவுக்கும் பயம் இல்லை. ரசிகர்கள் அதனால் தாங்களாகவே ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள்: ஒரே காசில் ஆட்டத்தை முடிக்க வேண்டும்.

ஜப்பானின் ஹாம்ஸ்டர் கம்பெனிக்கு இந்த மனசு புரிந்திருக்கிறது. 2014 முதல் 'ஆர்கேட் ஆர்கைவ்ஸ்' என்ற வரிசையில் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக இன்றைய கன்சோல்களுக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் 'ஹை ஸ்கோர்' என்று ஒரு பிரிவு. ஒரே காசு, மறுபடி தொடர வழியில்லை. நடுவில் நிறுத்தி மெனுவைத் திறந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்தது. வாசலில் கூரியர்காரர் மணி அடித்தால் அவர்தான் காத்திருக்க வேண்டும்.