மன இறுக்கமும் தொழிற்சாலை வாழ்வும்: சுங்குவார்சத்திரம் உணர்த்துவது

முன்னுரை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அமைந்துள்ள ஊர் சுங்குவார்சத்திரம். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தையே நம் முன்னோர் சத்திரம் என்றனர். இளைப்பாறுதலைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூரைச் சுற்றி இன்று இரவும் பகலும் ஓயாத தொழிற்சாலைகள் நிற்கின்றன. கைப்பேசியும் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டார் வண்டியும் இவ்வட்டாரத்தில் உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் இளைஞரும் இளம்பெண்களும் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து, விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாழ்கின்றனர்.

“உறக்கம் வருவதில்லை; உணவு செல்வதில்லை; காரணமின்றி எரிச்சல் உண்டாகிறது” என்று இவர்களுள் ஒருவர் ஆயரிடம் வந்து கூறுவாராயின், அவருக்கு நாம் அளிக்கும் விடை யாது? “பொறுமையாயிருங்கள், கவலையை விடுங்கள்” என்பதே பெரும்பாலும் நம் நாவில் எழும் விடையாகும். அவ்விடை தவறானதன்று, ஆயினும் அது போதுமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

மனஅழுத்தம் என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகிறது. புறத்தே உள்ள நெருக்கடியால் உடலும் உள்ளமும் இறுகி நிற்கும் நிலை ஒன்று. வாழ்வில் பற்றே அற்றுப்போகும் மனச்சோர்வு நோய் மற்றொன்று. முன்னது நீடித்தால் பின்னதற்கு வழிவகுக்கலாம். எனினும் இரண்டும் ஒன்றல்ல. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, முன்னதை மன இறுக்கம் என்றே இங்குக் குறிப்போம்.

மன இறுக்கத்தை மருத்துவ ஆய்வுக்குரிய பொருளாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஹான்ஸ் செல்யே. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் பணிபுரிந்த இவர், 1936ஆம் ஆண்டில் தம் முதற்குறிப்பை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு, மிகையான உழைப்பு எனத் தாக்குவது எதுவாயினும் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை புரிகிறது என்பதே அவர் கண்ட உண்மை. அவ்வெதிர்வினையை எச்சரிக்கை நிலை, எதிர்த்து நிற்கும் நிலை, களைத்துச் சோரும் நிலை என மூன்றாக அவர் வகுத்தார்.

2. உடலில் நிகழ்வது

ஆபத்து நேருங்கால் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் பின்தள்ளப்படுகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடுபவனுக்கு இஃது உயிர் காக்கும் ஏற்பாடு. பாம்பு அகன்றதும் உடல் தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

ஆனால் மணிக்கு இத்தனை உருப்படி என்னும் ‘டார்கெட்’ பாம்பைப் போல் அகன்று செல்வதில்லை. மறுநாளும் அது காத்து நிற்கிறது. வில்லின் நாணை எய்யும்போது மட்டுமே இழுத்துப் பிடிக்க வேண்டும். எந்நேரமும் இழுத்த நிலையிலேயே இருக்கும் வில் வலுவிழக்கும். நெடுநாள் நீடிக்கும் இறுக்கம் உறக்கத்தைக் கெடுப்பதோடு, இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும்.

இத்துடன் இரவுப் பணியும் சேரும்போது சுமை இரட்டிக்கிறது. மனித மூளையில் ஒளியைக் கொண்டு பகலிரவைக் கணிக்கும் உட்கடிகாரம் ஒன்று உண்டு. வாரந்தோறும் ஷிப்டு மாறுமாயின் அக்கடிகாரம் ஒரு முறைக்குப் பழகத் தொடங்குமுன் அடுத்த முறை வந்துவிடுகிறது. பகலுறக்கம் பொதுவாக இரவுறக்கத்தைவிடக் குறுகியது, எளிதில் கலைவது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் தாக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு மிகுதியாகும்.

3. சுமை மட்டுமே காரணமன்று

உழைப்பின் கடுமை மட்டுமே மன இறுக்கத்தைத் தருகிறதா? அமெரிக்க அறிஞர் இராபர்ட் கராசெக் 1979இல் இவ்வினாவுக்கு விடை பகர்ந்தார். பணியின் சுமை மிகுந்திருக்க, அப்பணியை எவ்வாறு, எப்பொழுது செய்வது எனத் தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும்போதே இறுக்கம் உச்சத்தை எட்டுகிறது என்பது அவர் முடிவு.

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் உழைப்பு எளிதன்று. கூலியும் கடனும் அவரையும் வருத்தலாம். ஆயினும் தாகம் எடுத்தால் தறியை நிறுத்தி நீர் அருந்த அவரால் இயலும். நகரும் பட்டையின் முன் நிற்கும் தொழிலாளி கழிப்பறைக்குச் செல்வதற்கும் தமக்கு மாற்றாக ஒருவர் வரும்வரை காத்திருக்க நேரிடும். இருவர் கைகளும் ஓயாது இயங்குகின்றன. நேரத்தின்மீது உள்ள ஆட்சியோ இருவருக்கும் ஒன்றன்று.

1967இல் தொடங்கப்பெற்ற ‘வைட்ஹால்’ ஆய்வும் இதனோடு ஒத்து வருகிறது. இங்கிலாந்து அரசு ஊழியரிடையே நடந்த அவ்வாய்வில், பெரும் பொறுப்பைச் சுமந்த உயர் அலுவலரைவிடக் கடைநிலை ஊழியரே இதயநோயால் மிகுதியாக இறந்தனர் எனக் கண்டறியப்பட்டது. பணியின்மீது ஆளுகை இன்மை இவ்வேறுபாட்டின் முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதைப் பின்னர் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு காட்டிற்று.

4. இவ்வட்டாரத்தின் சான்றுகள்

இவ்வுண்மையை நம் கண்முன்னே நிறுத்திய நிகழ்ச்சிகள் இரண்டு. திருப்பெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் 2021 டிசம்பரில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவவே, பெண்கள் திரண்டு நெடுஞ்சாலையை மறித்தனர். அது பொய்ச்செய்தியே, ஆயினும் உண்மையை உடனே கேட்டறிய வழியற்ற இடத்தில் அச்சம் எத்துணை விரைவில் தீயாகப் பரவும் என்பதற்கு அது சான்றாயிற்று. தங்குமிடமும் உணவும் மனநலத்தின் அடித்தளங்கள் என்பது அப்போது வெளிப்பட்டது. பின்னர், வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது.

மற்றொன்று, சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தம். ஊதியம், பணிநேரம் ஆகியவற்றோடு, தங்கள் சங்கம் ஏற்கப்பட வேண்டும் என்பதும் தொழிலாளரின் கோரிக்கையாக முன்நின்றது. அச்சங்கம் 2025 ஜனவரியில் பதிவுபெற்றது. அதன் நியாயங்களை எடையிடுவது இக்கட்டுரையின் பணியன்று. ஊதியத்தோடு சொல்லுரிமையையும் மனிதர் நாடுகின்றனர் என்பதே நாம் கருதத்தக்கது.

5. இளைப்பாறும் உரிமை

ஓய்வு என்பது சோம்பலன்று என உலகம் கற்க நெடுங்காலம் ஆயிற்று. எகிப்தில் வைக்கோல் நிறுத்தப்பட்ட பின்னரும் செங்கற்களின் கணக்குக் குறைக்கப்படவில்லை. முறையிட்டோர் சோம்பேறிகள் எனப் பழிக்கப்பட்டனர். சுமை ஏற, உரிமை குறைய, குறை கூறுவோர்மீதே குற்றம் சாட்டப்படும் இந்நிலையைக் கராசெக்கின் கொள்கைக்கு விளக்கமாகவே கொள்ளலாம். அந்த அடிமைத்தனத்தை நினைவூட்டியே உபாகமம் ஓய்வுநாளைக் கற்பிக்கிறது. வீட்டுத் தலைவனைப் போலவே வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் காரணம்.

நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு 1890இல் கிட்டியது. அதற்காக உழைத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1918இல் பி. பி. வாடியா தலைமையில், திரு. வி. க. முதலியோரின் துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்குத் தூண்டுதலாக அமைந்த குறைகளுள், நண்பகல் உணவுக்கான இடைவேளை மிகக் குறுகியது என்பதும் ஒன்று. சில நிமிடங்களுக்காகவா போராட்டம் என்று வியப்போர் உண்டு. மனிதன் தன் நாளில் தனக்கெனப் பெற்றிருந்தவை அச்சில நிமிடங்களே என்பதை நாம் மறத்தலாகாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேரப் பணிக்கு வழிதிறக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பின் விளைவாக அது திரும்பப் பெறப்படுவதாக மே முதல் நாள் அறிவிக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

6. தனிமனிதர் செய்யத்தக்கவை

புறநிலை மாறும்வரை தனிமனிதர் வாளாவிருத்தல் வேண்டா. பின்வருவன பயன் தருவன:

(அ) உறக்கத்தை முதற்கடமையாகக் கொள்ளுதல். இரவுப் பணி முடித்தோர் அறையை இருட்டாக்கி, கைப்பேசியை ஒதுக்கி வைத்து, இயன்றவரை நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்குதல் வேண்டும். ஓரறையில் வெவ்வேறு ஷிப்டினர் தங்குவாராயின், உறங்குவோருக்கான அமைதி நேரத்தைத் தமக்குள் வகுத்துக்கொள்ளலாம்.

(ஆ) பணியின் பிற்பாதியில் தேநீரையும் காப்பியையும் தவிர்த்தல். அவற்றிலுள்ள காபீன் உடலில் பல மணி நேரம் தங்கி உறக்கத்தைத் தடுக்கும்.

(இ) மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடுதல். சில நிமிடப் பயிற்சியும் இதயத்துடிப்பைத் தணிக்கும்.

(ஈ) வாரத்தில் ஒரு முறையேனும் வீட்டாரோடும் நண்பரோடும் மனம்விட்டு உரையாடுதல்.

(உ) உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் இரு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலோ, தாமதமின்றி மருத்துவரை நாடுதல். 2022இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

7. சபையும் ஆயரும் செய்யத்தக்கவை

சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது அறிவுரையன்று. உறக்கமும் உணவும் முதலில் கிடைத்தன. உரையாடல் பின்னரே நிகழ்ந்தது. ஆலோசனைப் பணியில் இவ்வரிசை போற்றத்தக்கது. வருபவரிடம், “எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? எந்த ஷிப்டு? இன்று உண்டீர்களா?” என முதற்கண் வினவுவோமாக. இறுக்கத்தை விசுவாசக் குறைவு என்று தீர்ப்பிடுவது, முன்னரே சுமந்திருப்பவர்மீது குற்றவுணர்வையும் ஏற்றுவதாகும்.

ஞாயிறு காலை ஆராதனையில் கண்ணயரும் இளைஞர், இரவெல்லாம் நின்று உழைத்து நேரே வந்தவராயிருக்கலாம். அவருக்கென மாலையில் ஓர் ஆராதனை வைத்தல் பெருஞ்செலவு பிடிப்பதன்று. சபை மண்டபத்தின் ஒரு பகுதியைப் பகலில் ஓய்விடமாகத் திறந்து வைக்கலாம். ஆலைகளில் மேலாளராயுள்ள சபையாரிடம் ஷிப்டு மாற்றம் காலை, மாலை, இரவு என்னும் வரிசையில் முன்னோக்கிச் செல்வது உடலுக்கு எளிது என்பதையும், பட்டியலை முன்கூட்டியே அறிவிப்பதன் நன்மையையும் எடுத்துரைக்கலாம். குறைகளைக் கேட்கும் வாயில் திறந்திருக்க வேண்டும் என வற்புறுத்துவதும் நம் கடனே.

முடிவுரை

மன இறுக்கம் உள்ளத்தின் வலுவின்மையன்று. சுமைக்கும் உரிமைக்கும் இடையே நேர்ந்துள்ள சமனின்மையை உடல் அறிவிக்கும் குரல் அது. அக்குரலை அடக்கும் உத்திகளை மட்டும் கற்பிப்போமாயின், எரியும் வீட்டில் எச்சரிக்கை மணியை நிறுத்தியவராவோம். மூச்சுப் பயிற்சியும் வேண்டும். போதிய இடைவேளையும் வேண்டும். பொறுமையும் வேண்டும், கேட்கும் செவியும் வேண்டும். இவ்விரண்டையும் பிரிக்காது எடுத்துரைக்கும் ஆலோசகரையே இத்தொழிற்சாலைகளின் பிள்ளைகள் எதிர்நோக்கி நிற்கின்றனர்.