சேற்றுக்கு எத்தனை குதிரைவலு?

சொந்தமாக ஓர் உழவு மெசின் எடுப்போம் என்று கடைக்குப் போகும் கல்முனை, சம்மாந்துறை வயல்காரர் முதலில் கேட்பது, “இது எத்தனை குதிரைவலு?” என்றுதான். நாலைந்து ஏக்கர் வேளாண்மை செய்பவருக்கு அதைவிட உதவும் கேள்வி வேறொன்று: எத்தனை கிலோ?

ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. இயந்திரத்தில் பிறக்கும் அந்த வலு, சில்லு மண்ணைப் பிடித்தால்தான் இழுவையாகும். இறுகிய தரையில் ஓர் உழவு இயந்திரம் தன் எடையில் ஏறத்தாழப் பாதியை இழுவிசையாகத் தரும். கல்லோயா வாய்க்கால் நீர் பாயும் எங்கள் வட்டைகளின் சேற்றில் அந்தப் பிடி சரிந்துவிடும். சில்லு நின்ற இடத்தில் சுழன்றால் 50 குதிரைவலுவும் டீசல் புகைதான்.

எடை கூடினால் பிடியும் கூடுமே என்று கேட்கலாம். மேட்டுநிலத்துக்கு அது சரி. நெல்வயலில் சேற்றுக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், ஆண்டாண்டாய் உழுது இறுகிய தட்டு ஒன்று இருக்கிறது. தண்ணீர் கீழே போகாமல் தாங்குவது அது. மெசினைத் தாங்குவதும் அதுவே. 45, 50 குதிரைவலுப் பெரிய மெசின் 2 தொன்னுக்குக் கிட்ட வரும். நன்றாக ஊறிய வயலில் அது போகத்துக்குப் போகம் ஓடினால் தட்டு உடையும், அல்லது இன்னும் ஆழத்துக்கு இறங்கும். பிறகு தண்ணீரும் நிற்காது, மெசினும் புதையும். ஓரிடத்தில் ஒருமுறை புதைந்தால் அடுத்த போகத்திலும் அதே இடத்தில்தான் புதையும்.

பாரம் குறைந்த மெசின் சேற்றில் எப்படி வேலை செய்கிறது? சூட்சுமம் கலப்பையில் இருக்கிறது. கொத்துக் கலப்பை மண்ணுக்குள் கிடந்து மெசினைப் பின்னுக்கு இழுக்கும். அதை வெல்லப் பிடியும் எடையும் வேண்டும். சுழல் கலப்பையின் கத்திகளோ சில்லு சுழலும் திசையிலேயே சுழன்று, மண்ணை வெட்டிப் பின்னால் தள்ளும். மண்ணைப் பின்னே தள்ளினால் மெசின் முன்னே போகும். சில்லுக்குப் பாதி வேலை மிச்சம். இரும்புச் சில்லையும் பூட்டிவிட்டால், சில நூறு கிலோ எடையுள்ள, பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் ஊறிய வயலில் தடையின்றி ஓடும்.

அந்த முதல் லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால் இருந்தவர் ஓர் இலங்கைப் பொறியியலாளர். 1950களில் ரே விஜயவர்தன வடிவமைத்த அந்த இரண்டு சில்லு இயந்திரம் இங்கிலாந்தில் தயாராகி உலகெங்கும் போனது. தான் இயந்திரமாக்கியது வேளாண்மையை அல்ல, எருமையைத்தான் என்று பிற்காலத்தில் அவரே நொந்துகொண்டு, உழாமல் பயிர் செய்யும் முறைகளின் பக்கம் திரும்பினார். பெரிய மனசு. ஆனாலும் சேற்றில் எருமையின் பாரம்தான் சரியான பாரம் என்பதை அவருடைய மெசின் காட்டியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால் நடக்க முடியாத வயதென்றால், நாலு சில்லும் இழுக்கும் 20 முதல் 25 குதிரைவலு வரையான சிறிய டிராக்டர் நல்லது. சில 650 கிலோ அளவில்தான் வரும். சுழல் கலப்பை இரண்டு பின்சில்லுகளின் தடத்தையும் மூடும் அகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உழுத வயலில் தடம் கிடக்கும். கூலி உழவும் மேட்டுநிலமும் நிறைய இருந்தால் மட்டுமே லீசிங் எடுத்துப் பெரியதற்குப் போகலாம்.

ஓட்டுபவரின் தலைக்கு மேலே பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவீடன் 1959 இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. புதைந்த மெசினின் பின்சில்லில் கட்டையைக் கட்டி ஏற்றுவது இங்கே வழக்கம். சில்லு சுழல முடியாமல் நின்றால் அச்சின் முறுக்கு முழுவதும் முன்பக்கத்தைத் தூக்கும். மெசின் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும்.

லேண்ட்மாஸ்டருக்கு வேறொரு குணம். சமதரையில் இடப்பக்கப் பிடியை அமத்தினால் இடச்சில்லுக்கு வலு நின்று மெசின் இடப்பக்கம் திரும்பும். பாலத்து இறக்கத்தில், பூட்டிய இழுவைப் பெட்டி பின்னாலிருந்து தள்ள, இயந்திரம் சில்லைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அங்கே இடப்பிடியை அமத்தினால் இடச்சில்லு விடுபட்டு வேகமாக உருளும். மெசின் வலப்பக்கம் பாயும். வாங்கிய அன்றே, வெறும் பெட்டியோடு, சிறிய இறக்கம் ஒன்றில் மெதுவாக இறக்கிப் பழகிக்கொள்ளுங்கள். நெல் மூட்டை ஏற்றிய பிறகு வேண்டாம்.