பொங்கல் முடிஞ்சாச்சு... வீட்டை ஒழுங்கு பண்ணுவோமா?



போகிக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒட்டடை அடிச்சு, வெள்ளை அடிச்சு, பாத்திரம் பண்டம் எல்லாம் துலக்கி, இடுப்பு ஒடிய வேலை பார்த்தோம். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல்னு நாலு நாள் ஓடிப் போச்சு. பிள்ளைகளும் வந்த விருந்தாளிகளும் ஊருக்குப் போயாச்சு. இப்போ வீட்டைப் பார்த்தால் மலைப்பா இருக்கு. வாசலில் கரும்புச் சக்கை, கொல்லையில் கரி பிடிச்ச பானை, வெள்ளை அடிக்கும்போது எடுத்து வைத்த சாமான் எல்லாம் பரண் மேல் குவியலா கிடக்கு.

"அதான் போகிக்கே சுத்தம் பண்ணிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். போகிக்கு முன்னாடி நாம் செய்வது அழுக்கை எடுக்கும் வேலை. பண்டிகைக்குப் பிறகு செய்ய வேண்டியது, இடம் மாறிப்போன பொருளை அதனதன் இடத்தில் வைக்கும் வேலை. இதை விட்டுவிட்டால் ஆபத்து கூட வரலாம்.

முதலில் விஷ பாட்டில்

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, எலி மருந்து, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் இதெல்லாம் வெள்ளை அடிக்கும்போது எங்கே போச்சு என்று முதலில் தேடுங்க. அவசரத்தில் எண்ணெய் பாட்டில் பக்கத்திலேயே வைத்திருப்போம். பூச்சிமருந்தை தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்க.

தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, புளித்தண்ணி எதுவும் கொடுக்காதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க. அந்த பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்க. என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

மீந்துபோன சுண்ணாம்பும் அப்படித்தான். பிள்ளைகள் விளையாடும்போது கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். பட்டுவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று கைவைத்தியம் பார்க்காமல், நல்ல தண்ணீரால் 20 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

கொல்லையைச் சுற்றி ஒரு நடை

போகிக்குத் தூக்கிப் போட்ட உடைஞ்ச குடம், தேங்காய் ஓடு, டயர், டீ கப் எல்லாம் கொல்லையில்தான் கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலே போதும், டெங்கு பரப்பும் கொசு முட்டை போடும். முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள்தான் ஆகும். இந்தக் கொசு பகலில் கடிக்கும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாசம் உயிரோடு இருக்கும். அதனால் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் உள்ளே நார் போட்டுத் தேய்த்து, காயவைத்து, மூடி வையுங்க.

கரும்புச் சக்கை, மஞ்சள் கொத்து, வாழை இலை எல்லாம் எருக்குழிக்குப் போகட்டும். சக்கையைச் சின்னதா வெட்டி, சாணிப்பால் தெளித்துப் போட்டால் சீக்கிரம் மக்கும். பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீங்க. அந்தப் புகை நம் பிள்ளைகள் நெஞ்சுக்குள்தான் போகும். தனியாகச் சேர்த்து வைத்து, ஊராட்சி தூய்மைக் காவலர்கிட்ட கொடுங்க.

புது நெல் வந்திருக்கா?

வீட்டுக்கு வைக்கிற நெல்லை ஈரத்தோடு மூட்டை கட்டாதீங்க. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்கணும். நம்ம கணக்கில் சொன்னால், பல்லில் கடித்தால் 'கடக்'னு உடையணும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்க. யூரியா வந்த சாக்கில் சாப்பாட்டு தானியம் வேண்டாம்.

ஒரு தகரப் பெட்டி

இதுதான் முக்கியமான விஷயம். எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினருடைய வீட்டுக்காரர் விபத்தில் இறந்துட்டார். அவர் வங்கிக் கணக்கில் விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் பிடித்துக்கொண்டு இருந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது. பாஸ்புக் எங்கே என்றும் தெரியாது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு, பரணில் இருந்த பழைய துணி மூட்டையை மகள் பிரித்தபோதுதான் கிடைச்சுது. குழுப் பிரதிநிதி அதைப் பார்த்துவிட்டு வங்கிக்குக் கூட்டிட்டுப் போனதால் பணம் வந்தது. அந்த மூட்டை போகி நெருப்பில் போயிருந்தால்?

பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு (சுரக்ஷா பீமா) ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு (ஜீவன் ஜோதி) 436 ரூபாய் என்று 2022 ஜூன் முதல் பிடிக்கிறார்கள். இரண்டிலும் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய். மே மாசக் கடைசியில் பாஸ்புக்கில் இந்தத் தொகை ஏறியிருக்கா என்று பாருங்க. கணக்கில் பணம் இல்லை என்றால் காப்பீடு நின்றுபோகும்.

அதனால் ஒரு தகரப் பெட்டி ஒதுக்குங்க. அதில் வைக்க வேண்டியவை:

1. ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை
2. பட்டா, பத்திரம், வீட்டு வரி ரசீது
3. வங்கி பாஸ்புக், குழு சேமிப்பு பாஸ்புக், கடன் கட்டின ரசீது, நகைக்கடன் சீட்டு
4. காப்பீட்டுத் தாள்கள், மருத்துவக் காப்பீட்டு அட்டை
5. பிறப்பு, இறப்பு, சாதிச் சான்றிதழ். பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்

பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் மழை ஒழுகினாலும் நனையாது. எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வேறு இடத்தில் வையுங்க. பெட்டி எங்கே, சாவி எங்கே என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கணும். குழுவின் தீர்மான நோட்டு, பேரேடு யார் வீட்டில் இருந்தாலும் அதையும் பெட்டியில்தான் வைக்கணும். அது எல்லாருடைய பணத்துக்கும் சாட்சி.

தனியாகச் செய்யாதீங்க

பண்டிகையை எல்லாரும்தானே கொண்டாடினோம்? பரணில் ஏறுவது, டயரை அப்புறப்படுத்துவது வீட்டுக்காரருக்கு. தொட்டி தேய்ப்பதில் மகனுக்கும் பங்கு உண்டு, மகளுக்கு மட்டும் இல்லை. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒரு நாள் விஷப் பொருள், ஒரு நாள் கொல்லை, ஒரு நாள் பெட்டி என்று பிரித்துக்கொள்ளுங்க.

வருகிற குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்க. பூச்சிமருந்து எங்கே இருக்கு? தொட்டி தேய்த்தாச்சா? உங்க பாஸ்புக் இருக்கிற இடம் வீட்டில் இன்னொருத்தருக்குத் தெரியுமா? இந்த மூன்று கேள்விக்கும் ஒவ்வொருத்தரும் பதில் சொல்லட்டும். பதில் தெரியாத உறுப்பினர் வீட்டுக்கு மற்றவர்கள் ஒரு நாள் போய்க் கூடமாட உதவி செய்யுங்க. நாம குழுவா சேர்ந்தது சேமிக்கவும் கடன் வாங்கவும் மட்டும் இல்லையே!