மகனுக்கு கேமிங் கணனி: பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் கடந்த மாதம் ஒரு விலைப்பட்டியலுடன் என்னிடம் வந்தார். ஏ.எல். எழுதி முடித்த மகன், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் எழுதி வாங்கி வந்த பட்டியல் அது. "நானா, துணியென்றால் கையால் தடவிப் பார்த்தே விலை சொல்லிவிடுவேன். இதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை" என்றார். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. மூத்த மகனுக்கு வாங்கிய கணனியில் எட்டாவது மாதம் பவர் சப்ளை எரிந்து, மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போனது. எரிந்த அடையாளம் இருந்தால் வொரண்டி இல்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் விளையாட்டில் நேரத்தைச் செலவிடுவது சரியா என்பது வேறு கதை. அதை இதே பத்திரிகையில் எழுதும் மௌலவிமாரிடம் விட்டுவிடுகிறேன். நமது பக்கம் காசைப் பற்றியது.

பட்டியலைப் பார்த்ததுமே ஒன்று விளங்கியது. புரொசசர் இன்டெல் கோர் ஐ7 14700. கிரபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 3050, அதுவும் 6 ஜீபி. விளையாட்டுக்கென்று வாங்கும் கணனியில் திரையில் ஓடும் படத்தை வரைவது கிரபிக்ஸ் கார்ட்தான். புரொசசர் அதற்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். வலிமையான மாட்டைச் சின்ன வண்டியில் கட்டியது போன்ற ஏற்பாடு இது. ஆனால் ஐ7 என்ற பெயர் வாப்பாமாருக்குத் தெரிந்த பெயர், சுலபமாக விற்கும். என் கணக்கில், மொனிட்டரை விட்டு நூறு ரூபாய் செலவழித்தால் 35 முதல் 40 ரூபாய் கிரபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். புரொசசருக்கு 15, 20 ரூபாய் தாராளம். ஐ7ஐ கோர் ஐ5 12400எஃப் ஆக மாற்றினால் மிச்சப்படும் காசில் கார்டை ஆர்டிஎக்ஸ் 5060 வரை உயர்த்தலாம். இன்னும் கொஞ்சம் கை நீளுமானால் 16 ஜீபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியைப் பார்க்கலாம். புதிய விளையாட்டுகள் சிலவற்றுக்கு 8 ஜீபி இறுக்கமாகி வருகிறது.

இதற்கெல்லாம் முன்னர் மொனிட்டரைக் கேளுங்கள். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் திரை என்றால், கார்ட் நூற்றைம்பது படம் வரைந்தாலும் திரை ஒரு செக்கனுக்கு அறுபதைத்தான் காட்டும்.

பெயர்களில் கவனம் தேவை. ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவது நமக்குப் புதிதல்ல, கணனியிலும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜீபியும் உண்டு, 2024இல் வந்த 6 ஜீபியும் உண்டு. பின்னது நினைவகத்தில் மட்டுமல்ல, வேகத்திலும் குறைந்தது. ரைசன் 5 5600க்கும் 5600ஜீக்கும் இடையில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் முன்னதில் கேஷ் 32 எம்பி, பின்னதில் 16. இன்டெல்லில் எஃப் எழுத்து இருந்தால் உள்ளே கிரபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கார்ட் பழுதானால் கடைக் கணக்குப் பார்ப்பதற்குக்கூட திரையில் ஒன்றும் தெரியாது. பில்லில் கடைசி எழுத்து வரை எழுதச் சொல்லுங்கள்.

ரெம் 16 ஜீபி என்றால் ஒன்றாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்குவது வேகத்துக்கு நல்லது. 2025 கடைசி மாதங்களில் ஏஐ நிலையங்களின் கேள்வியால் ரெம் விலை கண்டபடி ஏறியது, ஆகவே பழைய விலையை வைத்துப் பேரம் பேசப் போகாதீர்கள். மதர்போர்ட் புரொசசருக்குப் பொருந்த வேண்டும். ஏஎம்டீயின் 2022இல் வந்த ஏஎம்5 போர்ட் டீடீஆர்5 ரெம்மை மட்டுமே ஏற்கும்.

இனி நண்பரின் காயத்துக்கு வருவோம். பவர் சப்ளை வெளியே தெரியாத பாகம், ஆகவே கடைக்காரர் மிச்சம் பிடிப்பதும் அதில்தான். நிறம் நிறமாக மின்னும் பெட்டிக்குள்ளே பெயர் தெரியாத பவர் சப்ளை இருக்கும். அதில் 800 வாட் என்று ஒட்டியிருப்பது வெறும் காகிதம். ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட் போதும், கணனி முழுவதற்கும் என்விடியா சொல்வது 550 வாட். நல்ல கம்பனியின் 550, பெயரில்லாத 800ஐவிட மேலானது. நமது நாட்டில் கரண்ட் போய்வருவதைச் சொல்லத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளில் மூழ்கியதே! யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். 650 விஏ என்றால் 650 வாட் அல்ல, வாட் கணக்கு எவ்வளவென்று தனியாகக் கேளுங்கள்.

பாவித்த கார்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் கிரபிக்ஸ் கார்டால் மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் துடைத்து, புதிய பெட்டியில் போட்டு விற்பவர், குறையை மறைத்து விற்பது கூடாது என்று நமது மார்க்கம் விதித்திருப்பதை மறந்துவிட்டார். ஜீபீயூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் உள்ளே இருக்கும் சிப் எதுவென்று தெரியும். பழைய சிப்புக்குப் புதிய பெயர் கொடுத்த போலிகள் பல அங்கேயே பிடிபடும். டுபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி எடுப்பவர்கள், அந்தக் கார்டின் வொரண்டி இலங்கையில் செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரும் மகனும் திருத்திய பட்டியலுடன் அதே கடைக்குப் போனார்கள். புரொசசரும் கார்டும் பேச்சில்லாமல் மாறின. பவர் சப்ளையில்தான் இழுபறி, கடைசியில் ஐந்து வருட வொரண்டியுள்ள ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கடையிலேயே ஒரு கேம் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் இலக்கத்தையும் பில்லில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று இருந்ததாம். பல கணனிக் கடைகளின் வழக்கம் அது. ஐந்து வருடத்தில் 75 நாள் குறைகிறதே என்று நண்பர் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.