தகவல் துளி: மண்ணில் சுட்ட பேழை

சைதாப்பேட்டையில் தாம்பரம் வண்டி ஏறினால் ஆறாவது நிறுத்தம் பல்லாவரம். அங்குள்ள குன்றை ஒட்டிய நிலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். தொட்டி போன்ற நீண்ட உடல், அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தோரை வைத்துப் புதைத்தவை இவை. இத்தனை பெரிய மண்கலம் விரிசல் விடாமல் சூளையில் வேக வேண்டும். அந்தக் குயவரின் கைத்திறனை என்னென்பது!

எதிர்த்திசையில் கடற்கரை வண்டி பிடித்தால் எழும்பூர். அங்கே 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் ஈமப்பேழைகளும் ஆதிச்சநல்லூர் ஈமத்தாழிகளும் இருக்கின்றன. கூடவே கறுப்பு-சிவப்புப் பானைகள். சற்றுக் குனிந்து பாருங்கள்: விளிம்பும் உட்புறமும் கறுப்பு, வெளியே சிவப்பு. இது வண்ணப்பூச்சு அல்ல. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பகுதி கறுத்துவிடுகிறது, காற்றுப் பட்ட பகுதி சிவக்கிறது.

புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரிடம் கேட்கிறாள். அதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தாழிகளை ஒருமுறையாவது நேரில் காட்ட வேண்டும்.

அருங்காட்சியகம் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை.